மாமாவுக்கு நான் கொடுத்த பயிற்சி

என் மகள் பள்ளிக்கூடத்தில் நானூறு மீட்டர் ஓடுகிறாள். போன மாதம் அவளுடைய ஓட்டப் பயிற்சி ஆசிரியர் பெற்றோர்களையெல்லாம் மெர்கோங்கில் ஒரு மண்டபத்துக்கு அழைத்துக் கூட்டம் போட்டார். பிள்ளைகளின் கால்களை நான் பார்த்துக்கொள்கிறேன், மனத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். போட்டிக்கு முந்தின நாள் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு முழு ஓட்டத்தையும் மனத்துக்குள் ஒரு தடவை ஓடிப் பார்க்க வேண்டுமாம். பெற்றோர் திடலோரம் நின்று, உன்னால் முடியும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்புகூட எடுத்துக்கொண்டார். நான் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் பிடித்துக்கொண்டாள்.

"எல்லா அம்மாவும் கத்துறாங்க. நீங்க மட்டும் வாயையே தொறக்க மாட்டேங்கிறீங்க. ஏன்லா அப்படி?"

தொண்டை சரியில்லை என்றேன். அது பொய். சிறு வயதில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் என் தொண்டை பேர்போன தொண்டை. அந்த ஆசிரியருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அவர் சொன்ன வித்தைகளையெல்லாம் நான் பத்து வயதிலேயே ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவரை ஜெயிக்கவும் வைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அது ஜப்பான்காரன் காலம். கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பி, மூன்றே பேர். மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அவர் சம்பாத்தியத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ரப்பர் பால் சுமக்கத் தோட்டத்தில் காண்டா என்று ஒரு கம்பு உண்டு. அதைத் தோளில் வைத்து, இரண்டு முனையிலும் வாளியை மாட்டிக்கொண்டு, காட்டிலிருந்து பால் ஸ்டோருக்கு நடப்பார்கள். வெள்ளைக்காரத் துரை இருந்தபோது வருஷத்துக்கு ஒருமுறை திடலில் விளையாட்டுப் போட்டி வைப்பார். அதில் எல்லோரும் காத்திருப்பது காண்டா ஓட்டத்துக்குத்தான். இரண்டு வாளியிலும் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, திடலை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். முதலில் வந்தால் மட்டும் போதாது. வாளிக்குள் கீறியிருக்கும் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் ஓடியது செல்லாது. மாமா மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தவர். அவர் ஓடினால் இடுப்புக்கு மேலே உடம்பு அசையாது. கால் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

நாலாவது வருஷம், முடிவதற்குப் பத்தடி இருக்கும்போது கால் தடுக்கி விழுந்தார். இரண்டு வாளித் தண்ணீரும் அவர் மேலேயே கொட்டியது. துரையும் துரைசாணியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமாவும் எழுந்து நின்று தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். நான் மட்டும் அழுதேன். அடுத்த போட்டிக்குள் சண்டை வந்துவிட்டது. துரை ஓடிப்போனார், ஜப்பான்காரன் வந்து பங்களாவில் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு பால்வெட்டு வேலையும் அநேகமாக நின்றுபோனது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். மரவள்ளிக்கிழங்கைக் காலையில் அவித்துத் தின்றோம், மத்தியானம் சுட்டுத் தின்றோம், ராத்திரி கரைத்துக் குடித்தோம். அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அமுக்கினால் விழுந்த குழி வெகுநேரம் அப்படியே இருக்கும். நாலு வேளை அரிசிச் சோறு உள்ளே போனால் வீக்கம் வடியும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கிருந்து போகும் என்பதை அவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் விடியற்காலையில், ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டில், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒரு தாளை வைத்துக்கொண்டு பேர் வாசித்தார். பதினைந்து ஆண்கள் லோரி ஏறினார்கள். சயாம் தேசத்தில் ரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், அரிசியும் சர்க்கரையும் துணியும் கிடைக்கும் என்றார்கள். பிள்ளைகளாகிய எங்களுக்கு ஒரே பொறாமை. நாங்கள் ரயிலில் ஏறியதே இல்லை. இவர்கள் ரயிலுக்கே பாதை போடப் போகிறார்கள். லயத்துக்குப் பின்னால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு சயாம் ரயில் விளையாடினோம். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசுவார்கள். நாங்கள் கிட்டே போனால் பேச்சு மழையைப் பற்றி மாறிவிடும்.

லோரி போன மறுவாரம், கிழங்கு நடக் காடு வெட்டப் போன இடத்தில் மாமாவின் உள்ளங்காலில் மூங்கில் குத்திவிட்டது. பெரிய கட்டாகக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். புண் ஆறியது. நொண்டல் மட்டும் ஆறவில்லை. கிராணி ஒரு நாள் வீட்டு வாசலுக்கே வந்து, மாமாவை இப்படியும் அப்படியும் நடக்கவிட்டுப் பார்த்து, தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். லயத்துப் பிள்ளைகள் மாமாவுக்குப் பின்னால் நொண்டிக் காட்டிக்கொண்டே போவார்கள். எனக்கு அவமானம் தாங்காது. அதற்காக இரண்டு பேரைக் கடித்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் கீரை பறிக்க ஆற்றோரத்துப் பழைய காட்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் மரங்கள் கிழடாகிப் போனதால் யாரும் பால் வெட்ட வருவதில்லை. அங்கே மாமா காண்டாவில் இரண்டு வாளித் தண்ணீரை மாட்டிக்கொண்டு ஆற்றிலிருந்து மேடேறி வந்துகொண்டிருந்தார். ஓட்டமும் நடையுமாக வந்தார். நொண்டலே இல்லை. புதர் மறைவில் சர்க்கரைவள்ளியும் கத்தரியும் போட்டிருந்தார். அந்தச் செடிகளுக்குத்தான் தண்ணீர்.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வாளிகளை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, இங்க பாத்தத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அம்மாகிட்டகூட. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். சரியா?"

சரி என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ரகசியத்தை நம்பி என்னிடம் கொடுத்தவர், காரணத்தைக் கொடுக்கவில்லை. பத்து வயது வாயில் காரணம் தங்காது என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் காரணம் தெரியாத பிள்ளை தானாக ஒரு காரணத்தைச் செய்துகொள்ளும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

நாலைந்து நாளில் பிரட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. ஜப்பான்காரர்களுக்கு ஏதோ திருநாள் வருகிறது. திடலில் கொடியேற்றி, கும்பிட்டு, உடற்பயிற்சி செய்து, அப்புறம் விளையாட்டுப் போட்டி. காண்டா ஓட்டமும் உண்டு. ஜெயிப்பவருக்கு அரை மூட்டை அரிசி. எனக்கு அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது. மாமா ஒளிந்து ஒளிந்து காண்டா தூக்குவது இதற்காகத்தான். திடீரென்று வந்து எல்லோரையும் அசத்தப் போகிறார். அன்றைக்கு ஆற்றோரத்துக்கு ஓடிப்போய், பேர் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அந்த அரிசி நமக்கு வேணாம் பாப்பா," என்றார்.

"ஏன் மாமா?"

"வேணாம்னா விடு."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் குரலில் இருந்தது பயம்தான். பயம் என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தேன். எதைப் பற்றிய பயம் என்பதில்தான் கோட்டைவிட்டேன். துரை முன்னால் விழுந்தது இன்னும் மனத்தில் இருக்கிறது, அதனால்தான் நொண்டுவதுபோல நடிக்கிறார், பேர் கொடுக்கப் பயப்படுகிறார் என்று முடிவு கட்டினேன். அந்தப் பயத்தைப் போக்குவது என் பொறுப்பு என்றும் எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பயிற்சி கொடுக்கத் தெரிந்ததெல்லாம் மாமாவிடம் கற்றதுதான். நான் ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு கால்வாய். குறுக்கே ஒற்றைப் பலகை. அதில் கால் வைக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். மாமா என்னை இக்கரையில் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, மனத்துக்குள்ளேயே மூன்று தடவை பலகையைத் தாண்ட வைத்தார். கண்ணைத் திறந்தபோது, இது நாலாவது தடவைதானே, ஏற்கெனவே மூன்று தடவை விழாமல் போய்விட்டாயே என்றார். நான் தாண்டிவிட்டேன். கீழே தண்ணீரைப் பார்க்காதே, அக்கரை மரத்தைப் பார் என்பதும் அவர் சொன்னதுதான்.

அதையெல்லாம் எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். பேர் கொடுக்காவிட்டால் போகிறது, சும்மா ஓடிப் பார்ப்போம் மாமா என்று நச்சரித்தேன். அவருக்கும் ஆசை இருந்திருக்க வேண்டும். ஊர் முன்னால் பகல் முழுக்க நொண்டிக்கொண்டிருக்கும் ஆள் அவர். அந்த ஒரு மணி நேரம்தான் அவருடைய கால் அவரிடம் இருந்தது. முதல் நாள் அரை வாளி, மறுநாள் முக்கால் வாளி, அப்புறம் முழு வாளி என்று நான் ஏற்றிக்கொண்டே போனேன். சிந்தினால் திட்டக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன். முடியும் மாமா, உங்களால முடியும் என்று கூடவே ஓடுவேன். கடைசியில் அவரை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லுவேன்.

"இப்ப திடல்ல ஓடுறீங்க. எங்க வந்திட்டீங்க?"

"விழுந்த எடத்துக்கு வந்திட்டேன்."

"விழாம தாண்டுங்க."

"தாண்டிட்டேங்க வாத்தியாரம்மா," என்று கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்.

பத்து நாள் அப்படி ஓடினோம். அதைப் போல ஒரு சந்தோஷத்தை நான் பிறகு என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. அவரும் சந்தோஷமாக இருந்தார். அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

போட்டிக்கு முந்தின நாள் நானே கிராணியின் ஆபீசுக்குப் போய் மாமாவின் பேரைக் கொடுத்தேன். கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"அந்த நொண்டிப் பயலா? காண்டா தூக்கிக்கிட்டா?"

"எழுதிக்குங்க. நாளைக்குப் பாப்பீங்க."

அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். எழுதிக்கொண்டார்.

மறுநாள் திடலில் ஊரே கூடியிருந்தது. கொடியைக் கும்பிட்டோம், கிழக்கே பார்த்துக் குனிந்தோம், கையைக் காலை ஆட்டினோம். நாற்காலியில் ஜப்பான் அதிகாரி ஒருவன் கத்தியை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மொழிபெயர்க்கிறவனும் கிராணியும் நின்றார்கள். அம்மா வீங்கின காலை நீட்டிக்கொண்டு பெண்கள் கூட்டத்தில் இருந்தார். காண்டா ஓட்டத்துக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டுவிட்டு, ஆறாவதாக மாமாவின் பேரை வாசித்தார்கள். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஜப்பான்காரன் முன்னால் வாசித்த பேருக்கு மாட்டேன் என்று சொல்ல அந்தக் காலத்தில் யாருக்கும் வாய் கிடையாது. நொண்டிக்கொண்டே போய்க் காண்டாவைத் தூக்கினார்.

விசில் ஊதினார்கள். ஐந்து பேர் ஓடினார்கள், மாமா நொண்டினார். திடலே சிரித்தது. அதிகாரியும் சிரித்தான். அவ்வளவு நொண்டியும் வாளியில் தண்ணீர் சிந்தவே இல்லை. அவர் தோளுக்குச் சிந்தத் தெரியாது. அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். பத்து நாள் பாடுபட்டதெல்லாம் வீணாகப் போகிறதே, விழுந்த பயம் திரும்பி வந்துவிட்டதே என்று நினைத்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோட்டோரத்துக்கு ஓடினேன்.

"மாமா! நொண்டாதீங்க! உங்க கால் நல்லாத்தான இருக்கு! நேத்துகூட ஆத்தோரம் ஓடுனீங்களே! உங்களால முடியும் மாமா!"

சிரிப்பு அப்படியே நின்றது. கிராணி திரும்பி என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கிறவன் குனிந்து அதிகாரியின் காதில் ஏதோ சொன்னான்.

மாமா நின்றுவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் நின்றிருப்பார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிறகு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். தோளில் காண்டாவைச் சரியாக வைத்துக்கொண்டு, திடலுக்கு அப்பாலிருந்த மழைமரத்தில் கண்ணை நாட்டினார். ஓடினார். இடுப்புக்கு மேலே அசையாமல் ஓடினார். பசியில் வாடிப்போன அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகத் தாண்டினார். விழுந்த இடத்தையும் தாண்டினார். நான் கத்திக்கொண்டே கூட ஓடினேன்.

தண்ணீர் கோட்டுக்கு மேலேயே இருந்தது. அதிகாரி எழுந்து நின்று கைதட்டினான். மாமாவின் தோளையும் தொடையையும் தட்டிப் பார்த்தான். அரை மூட்டை அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு மாமா நேராக நடந்து வீட்டுக்கு வந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. அம்மா தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். நான் மூன்றாவது தடவை கேட்டு வாங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஏன்டி கத்துன?"

"விடுக்கா," என்றார் மாமா. "அவ நல்லதுக்குத்தான் கத்துனா. நீ சாப்பிடு. கால் வடியட்டும்."

அவர் எதற்காக ஓடினார் என்பது எனக்கு விளங்க எத்தனையோ வருஷம் ஆயிற்று. என் பேச்சைக் கேட்டு நம்பிக்கை வந்து ஓடினார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். நான் கத்தி முடித்தபோதே அந்த நொண்டலுக்கு வேலை போய்விட்டது. இனிமேல் தோற்று ஒரு பயனும் இல்லை. போகிறதுதான் போகிறோம், அக்காவுக்கு அரிசியாவது மிஞ்சட்டும் என்று அந்த மூன்று எண்ணும் நேரத்தில் கணக்குப் போட்டுவிட்டார். காட்டுக்குள் ஓடி ஒளிந்திருக்கலாம்தான். ஆள் காணாமல் போன வீட்டுக்குக் கிழங்கு அளப்பதுகூட நிறுத்தப்படும் என்று கிராணி முன்பே சொல்லிவைத்திருந்தார்.

அம்மாவின் கால் வடிந்தது. அவர் இன்னும் முப்பது வருஷம் இருந்தார். அந்தப் போட்டியைப் பற்றி என்னிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை. சண்டை முடிந்தபின் சயாமிலிருந்து திரும்பிவந்த ஒருவர், மாமா அங்கேயும் தண்ணீர்தான் சுமந்தார் என்று சொன்னார். காலரா வந்த கொட்டகைகளுக்கு ஆற்றிலிருந்து கொண்டுபோவாராம், ஒரு சொட்டுச் சிந்தமாட்டாராம். அதற்கு மேல் அவர் சொல்ல வந்ததை அம்மா கேட்க விரும்பவில்லை.

போன வாரம் மகள் ஓடினாள். நான் திடலோரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவதாக வந்தாள். நான் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் முதலில் வந்திருப்பாளாம். வந்திருப்பாள்தான்.

அந்தக் காண்டா ஓட்டம் முடிந்து ஒன்பதாம் நாள் லோரி வந்தது. பிரட்டில் கிராணி தாளை விரித்து வாசித்த முதல் பேர் மாமாவுடையது. அவர் ஒரு துணி மூட்டையோடு, நொண்டாமல் நடந்துபோய் ஏறினார். மேலே நின்று என்னைத் தேடிப் பிடித்து, "வாத்தியாரம்மா, வரட்டா?" என்றார். நான் லோரிக்குப் பின்னாலேயே ஓடினேன். தண்ணியப் பாக்காதீங்க, மரத்தப் பாருங்க, உங்களால முடியும் மாமா என்று அது திருப்பத்தில் மறையும்வரை கத்தினேன்.

திரும்பி வந்தபோது பிரட்டில் பெண்கள் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். தங்கள் வீட்டு ஆளின் பேர் பின்னால் வந்துவிட்டதே என்று அழுகிறார்கள்போல என நினைத்துக்கொண்டேன். மாமாவுக்குப் பின்னால் நொண்டிக் காட்டிய பிள்ளைகள் ஓரமாக நின்றிருந்தார்கள். அவர்களிடம் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்:

"பாத்தீங்களா, எங்க மாமா பேரத்தான் மொதல்ல கூப்பிட்டாங்க. நான்தான் அவர ஜெயிக்க வச்சேன்."